வேர் சிகிச்சை செய்த பல்லில் மீண்டும் சீழ்: வேர்நுனி அறுவை சிகிச்சை எப்போது, யாருக்கு?

வேர் சிகிச்சை செய்து, மேலே கேப் எனப்படும் உறையும் பொருத்தி, முடிந்துவிட்டது என்று எண்ணிய பல் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து மீண்டும் தொல்லை தரலாம். மெல்லும்போது வலிக்கலாம். அல்லது வலியே இல்லாமல் ஈறில் சிறு கொப்புளம் எழும், உடையும், மறையும், மீண்டும் அதே இடத்தில் எழும். இந்நிலையில் நம் பகுதியில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி உட்கொண்டு நாளைக் கடத்துகின்றனர். அல்லது பல்லைப் பிடுங்கிவிடுமாறு கேட்கின்றனர்.

இவ்விரண்டுக்கும் இடையே வேறு இரு வழிகள் உள்ளன. ஒன்று, வேர் சிகிச்சையை மறுமுறை செய்தல். மற்றொன்று, ஈறைத் திறந்து, தாடை எலும்பின் வழியே வேரின் நுனியை அடைந்து, நோயுற்ற நுனியை மட்டும் வெட்டி நீக்கி, எஞ்சிய வேரின் அடிவாயை அடைத்தல். இதற்கு வேர்நுனி அறுவை சிகிச்சை என்று பெயர். தகுந்த பல்லுக்கு, தகுந்த காலத்தில் செய்யப்பட்டால் இது பல்லைக் காக்கும். தகாத பல்லுக்குச் செய்யப்பட்டால் பணமும் காலமும் வீணாகும். எது தகுந்த பல், எது தகாத பல் என்பதை நோயாளிகளும் குடும்பத்தினரும் ஓரளவு அறிந்துகொள்வதற்காகவே இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது.

வேர் சிகிச்சை ஏன் சில நேரம் போதாமல் போகிறது?

பல்லின் வெளிப்புறம் எனாமல், அதனுள் தந்தினி, நடுவில் இரத்தக் குழாய்களும் நரம்பும் கொண்ட மென்மையான பற்கூழ். சொத்தை ஆழமாகிப் பற்கூழை எட்டும்போது கிருமிகள் உள்ளே நுழைகின்றன. பற்கூழ் அழுகி இறக்கிறது. அழுகியதை நீக்கி, வேரினுள் உள்ள குழல்களைக் கிருமிநாசினி நீரால் கழுவி, கட்டா பெர்ச்சா என்னும் பொருளால் இறுக அடைப்பதே வழக்கமான வேர் சிகிச்சை. (கட்டா பெர்ச்சா நம் இலுப்பை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மலாய் நாட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது. வாய்க்குள் ஏதோ பிளாஸ்டிக்கை வைத்துவிட்டார்களே என்று கேட்போருக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.)

இந்நோயின் வேர்க்காரணம் கிருமி ஒன்றே என்பது 1965-ஆம் ஆண்டிலேயே தெளிவாகிவிட்டது. அமெரிக்காவில் ககேஹாஷியும் அவர்தம் குழுவினரும் எலிகளின் பற்களைத் துளையிட்டுப் பற்கூழைத் திறந்து விட்டனர். சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமிகளே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளின் பற்கூழோ அழுகவில்லை. துளையின் மீது புதிய தந்தினி படர்ந்து மூடிக்கொண்டது. ஆகவே சிகிச்சையின் வெற்றி கிருமிகளை எவ்வளவு முழுமையாக வெளியேற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது.

முழுமையாக வெளியேற்றுவது எளிதன்று. மேட்டூரிலிருந்து பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் வழியாக ஒரே ஆறாக ஓடும் காவிரி, முக்கொம்பைத் தொட்டபின் பல கிளைகளாகப் பிரிவதை நாம் அறிவோம். வேரின் குழலும் அவ்வாறே. மேலே ஒன்றாக வந்து, நுனியின் கடைசி 3 மில்லிமீட்டரில் நுண்ணிய கிளைகளாகப் பிரிகிறது. பல் மருத்துவ நூல்களிலேயே இப்பகுதிக்குக் கழிமுகம் என்னும் பொருளில்தான் பெயர் வழங்குகிறது. மேலிருந்து செலுத்தும் ஊசி போன்ற கருவி முதன்மைக் குழலில் செல்லும், கிளைகளுள் திரும்பாது. அங்கே தங்கிய கிருமிகள் பின்னாளில் பெருகலாம்.

வேறு காரணங்களும் உண்டு. மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள். ஆனால் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதில் நான்கு குழல்கள் இருக்கின்றன. நான்காவது குழல் மிகக் குறுகலானது, கண்ணுக்குத் தப்பிவிடக்கூடியது. சிலருக்கு வயது காரணமாகவோ பழைய அடியின் காரணமாகவோ குழல் சுண்ணாம்பு படிந்து மூடியிருக்கும். சிலவேளை கருவியின் முனை குழலுக்குள்ளேயே முறிந்து தங்கிவிடும்.

நான் அடிக்கடி காணும் காரணம் இவற்றைவிட எளியது. வேர் சிகிச்சையின் இரண்டாம் அமர்விலேயே வலி நின்றுவிடுகிறது. அதன்பின் உறை பொருத்த நோயாளி வருவதில்லை. தற்காலிகமாக வைத்த அடைப்பு சில வாரங்களில் தேய்ந்து, உமிழ்நீரும் கிருமியும் மீண்டும் குழலுக்குள் இறங்கிவிடுகின்றன. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியில் வெளிமாநிலம் சென்று பல மாதங்கள் கழித்துத் திரும்புவோர், நாமக்கல்லிலிருந்து நெடுந்தூர லாரி ஓட்டுவோர் ஆகியோரிடம் இது மிகுதி. சிகிச்சையைத் தொடங்கும்போதே ஊருக்குப் புறப்படும் தேதியைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் உறை பொருத்துவது வரை திட்டமிட இயலும்.

வலி இல்லையே, ஏன் சிகிச்சை?

வேரின் நுனியில் சேரும் சீழ் வெளியேற வழியில்லாதபோதுதான் கடுமையான வலி வரும். எலும்பைக் குடைந்து ஈறில் துளை ஏற்பட்டுச் சீழ் வடியத் தொடங்கியதும் அழுத்தம் குறைகிறது, வலி நின்றுவிடுகிறது. நோய் நிற்கவில்லை. புண் புரையோடிவிட்டது என்று நம் முன்னோர் சொன்ன நிலை இதுவே. வலியில்லாத அந்தக் காலத்தில் வேரைச் சுற்றியுள்ள தாடை எலும்பு மெல்லக் கரைகிறது. எக்ஸ்ரேயில் அவ்விடம் கரிய வட்டமாகத் தெரியும். அவ்வட்டம் சிறு மிளகளவில் இருக்கும்போது வருவதற்கும், இரண்டு மூன்று பற்களின் வேர்களைச் சூழ்ந்தபின் வருவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

இப்புரை எப்போதும் வாய்க்குள்ளேயே திறக்கும் என்பதில்லை. கீழ்த்தாடை முன்பற்களின் சீழ் சிலருக்கு முகவாய்க்கட்டையின் தோலில் திறக்கும். கடைவாய்ப்பல்லின் சீழ் கன்னத்திலோ தாடையின் கீழ்விளிம்பிலோ திறக்கும். நோயாளி அதைத் தோல் கட்டி என்றே கருதுவார். களிம்பு தடவுவார், கட்டியைக் கீறிக்கொள்வார், மாதக்கணக்கில் மாத்திரை உண்பார். பல் வலிக்காததால் பல்லைப் பற்றிய பேச்சே எழாது. முகவாயிலோ கன்னத்திலோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டி இருப்பவர் எவராயினும் ஒருமுறை பற்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பொது மருத்துவர்களாகிய நாங்களும் இதை நினைவில் கொள்ள வேண்டியுள்ளது. எந்தப் பல் என்று கண்டறிய, புரையின் வாய் வழியாக மெல்லிய கட்டா பெர்ச்சா குச்சியைச் செருகி எக்ஸ்ரே எடுப்பார்கள். குச்சியின் முனை குற்றமுள்ள வேரைத் தொட்டு நிற்பது படத்தில் தெரியும்.

மாத்திரை மட்டும் ஏன் குணப்படுத்துவதில்லை என்ற கேள்விக்கு விடை எளிது. நாம் விழுங்கும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து இரத்தத்தின் வழியாகவே உடலெங்கும் செல்கிறது. இறந்த பல்லின் குழலுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. கிருமிகளின் இருப்பிடத்துக்கு மருந்து போய்ச் சேர்வதே இல்லை. வெளியே பரவிய வீக்கம் மட்டும் அடங்கும். மருந்து நின்றதும் உள்ளிருந்து மீண்டும் தொடங்கும். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருக்கும்போது இம்மருந்துகள் தேவை. பல்லைச் சரிசெய்யாமல் அவற்றையே திரும்பத் திரும்ப உண்பது மருந்துக்கு அடங்காத கிருமிகளையே வளர்க்கும். கடைகளில் உதிரியாகப் பொட்டலம் கட்டித் தரும் மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கியோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு உள்ளவர்களுக்கு இவை பெருந்தீங்கு செய்யும்.

அறுவைக்கு முன் கேட்க வேண்டியது

பெரும்பாலான பற்களுக்கு முதல் தெரிவு மறு வேர் சிகிச்சையே. பழைய அடைப்பை எடுத்துவிட்டு, தவறிய குழலைத் தேடி, மீண்டும் சுத்தம் செய்து அடைப்பதால் பலருக்கு நோய் அடங்கும். கத்தியின்றி முடியக்கூடியதைக் கத்தியால் செய்யத் தேவையில்லை. ஆகவே அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், "மறுபடியும் வேர் சிகிச்சை செய்தால் சரியாகாதா?" என்று தயங்காமல் கேளுங்கள். அக்கேள்விக்கு மருத்துவரிடம் தெளிவான காரணம் இருக்க வேண்டும்.

ஏற்கத்தக்க காரணங்கள் பல உண்டு. மறு வேர் சிகிச்சை நன்றாகச் செய்யப்பட்ட பின்பும் எக்ஸ்ரேயில் கரிய வட்டம் சுருங்காமலோ வளர்ந்துகொண்டோ இருக்கலாம். வேருக்குள் உலோகத் தண்டு இறக்கி அதன்மேல் உறை பொருத்தியிருந்தால், அதைப் பிடுங்க முயலும்போது வேரே பிளக்கும் அபாயம் உண்டு. முறிந்த கருவியோ சுண்ணாம்புப் படிவோ நுனிக்குச் செல்லும் வழியை மறித்திருக்கலாம். அடைப்புப் பொருள் நுனியைத் தாண்டி எலும்புக்குள் சென்றிருக்கலாம். நுனியில் இருப்பது சுற்றுச்சுவருடன் கூடிய நீர்க்கட்டியாக இருந்தால், குழலைச் சுத்தம் செய்வதால் மட்டும் அது மறையாது. இன்னொன்று: படத்தில் தெரியும் அந்த வட்டம் பல் நோயால் வந்ததுதானா என்ற ஐயம் எழுந்தால் திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டும். அறுவையின்போது எடுக்கப்படும் திசுவை நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்ல வழக்கம். அந்த முடிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் இந்த அறுவை பயன்படாது. பிளவு உள்ள இடத்தில் ஈறுக்கும் வேருக்கும் இடையே குறுகிய, ஆழமான பள்ளம் ஏற்பட்டிருக்கும். மருத்துவர் மெல்லிய அளவுகோலால் அளந்து இதைக் கண்டுபிடிப்பார். ஈறு நோயால் எலும்பின் பெரும்பகுதி கரைந்து ஆடிக்கொண்டிருக்கும் பல்லுக்கும் இது உதவாது. மேற்பகுதி முழுதும் சிதைந்து, உறை பொருத்தவே இடமில்லாத பல்லின் வேரை மட்டும் காப்பாற்றி என்ன பயன்? அத்தகைய பல்லை எடுத்துவிட்டு மாற்றுப் பல்லைப் பற்றி யோசிப்பதே நேர்மையான ஆலோசனை.

பல்லின் இடமும் முடிவை மாற்றும். முன்பற்களின் வேர்நுனி மெல்லிய எலும்பின் கீழே இருப்பதால் எளிதில் எட்டலாம். மேல்தாடைக் கடைவாய்ப்பற்களின் வேர்களுக்கு மேல் கன்ன எலும்பின் காற்றறை இருக்கிறது. கீழ்த்தாடை முன்கடைவாய்ப்பற்களுக்கு அருகே உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு வெளிவருகிறது. கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப்பல்லை மூடியுள்ள எலும்பு மிகத் தடிமனானது. இத்தகைய இடங்களில் சாதாரண எக்ஸ்ரே போதாது, கூம்புக்கற்றை சி.டி. ஸ்கேன் எனப்படும் முப்பரிமாணப் படம் எடுத்து, நரம்புக்கும் வேர்நுனிக்கும் உள்ள இடைவெளியை அளந்த பின்னரே முடிவெடுப்பர். எட்டவே இயலாத பல்லாக இருந்தால் சிலருக்கு வேறொரு முறை உண்டு. பல்லை உடையாமல் மெல்லக் கழற்றி, வெளியிலேயே நுனியை வெட்டி அடைத்து, சில நிமிடங்களுக்குள் அதே குழியில் திரும்பப் பொருத்திவிடுவார்கள். கேட்பதற்கு வியப்பாக இருப்பினும் இது நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள முறை.

எவ்வாறு செய்யப்படுகிறது?

மயக்க மருந்து தேவையில்லை. பல் எடுக்கும்போது போடும் அதே மரப்பு ஊசிதான். அதில் சேர்க்கப்படும் அட்ரினலின் இரத்தக் கசிவைக் குறைக்கும். இதய நோயாளிகள் இதை முன்னரே மருத்துவருக்கு நினைவூட்ட வேண்டும். பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம்.

ஈறில் கீறலிட்டு அதை மடல்போல் விலக்குவர். எலும்பில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு சாளரம் திறந்து, புண் திசுவைச் சுரண்டி எடுப்பர். பின்னர் வேரின் நுனியில் 3 மில்லிமீட்டரை வெட்டி நீக்குவர். கிளைகள் அடர்ந்த பகுதி அதுவே என்பதால்தான் இந்த அளவு. வெட்டிய முகத்தை நுண்ணோக்கியின் கீழ்ச் சிறு ஆடியில் பார்த்து, தவறிய குழலோ விரிசலோ உள்ளதா என்று சோதிப்பர். அதன்பின் மீயொலிக் கருவியின் நுண்முனையால் குழலுக்குள் கீழிருந்து மேலாக இன்னொரு 3 மில்லிமீட்டர் ஆழம் குடைந்து, அதை அடைத்து, ஈறைத் தைப்பர்.

அடைக்கும் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; இச்சிகிச்சையின் போக்கையே மாற்றியவற்றுள் அது ஒன்று. முன்பு வெள்ளிப் பாதரசக் கலவையான அமால்கம் பயன்பட்டது. ஈரமான இடத்தில் அது நாளடைவில் கசிந்தது. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் தலைமையில் உருவாகி, 1993-இல் ஆய்விதழில் வெளியான எம்.டி.ஏ. என்னும் பொருள் அக்குறையைத் தீர்த்தது. அதன் அடிப்படை வேறொன்றுமில்லை, போர்ட்லேண்ட் சிமென்ட். சங்ககிரி ஆலையில் அரைபடும் சிமென்ட்டில் உள்ள அதே கால்சியம் சிலிகேட்டுகள்தாம். மிகத் தூய்மையாக்கப்பட்டு, எக்ஸ்ரேயில் தெரியும்பொருட்டு பிஸ்மத் ஆக்சைடு சேர்க்கப்பட்டவை. சிமென்ட் நீர் பட்டு இறுகுவதுபோல் இதுவும் திசுவின் ஈரத்தில் இறுகுகிறது. கெட்டியாகும்போது கடுமையான காரத்தன்மை கொள்வதால் கிருமிகள் அங்கே தங்க இயலாது. அதன்மேல் எலும்பும் வேரை மூடும் திசுவும் வளர ஒப்புகின்றன. இப்போது இதே குடும்பத்தைச் சேர்ந்த புதிய பொருள்களும் கிடைக்கின்றன.

நுண்ணோக்கி, மீயொலிக் கருவி, இப்புதிய அடைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததன் பயன் 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் தெரிந்தது. பழைய முறையில் செய்யப்பட்டவற்றுள் 59 விழுக்காடு வெற்றி. புதிய நுண்ணறுவை முறையில் 94 விழுக்காடு. இந்த 94-ஐ அப்படியே நம் பல்லுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. அது தேர்ந்தெடுக்கப்பட்ட பற்களில், பயிற்சி பெற்றோர் கையில் கிடைத்த அளவு. ஆண்டுகள் கூடக்கூட இது சற்றுக் குறையவும் செய்கிறது. எனினும் இருவகைக்கும் உள்ள இடைவெளி பெரிது. அறுவைக்கு முன் "நுண்ணோக்கி வைத்துச் செய்வீர்களா? நுனியை எதனால் அடைப்பீர்கள்?" என்று கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது, நோயாளியின் உரிமை அது.

எங்கே செல்வது?

நம் இரு மாவட்டங்களிலும் வட்ட மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவர்கள் உள்ளனர். முதல் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் அங்கேயே செல்லலாம். அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் பல் மருத்துவப் பிரிவுகளுக்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். வேர் சிகிச்சைக்கெனத் தனித் துறையும் நுண்ணோக்கியும் இருப்பது பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரிகளில்தான். சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் பொதுவாகத் தனியார் மையங்களைவிடக் குறைவு. அரசுக் கல்லூரியை நாடுவோர் 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். தொலைவு ஒரு தடையே. ஒரே அறுவைக்காகப் பலமுறை சென்னை சென்று வர இயலாத குடும்பத்தாரிடம், பல்லை எடுத்துக்கொள்வதும் தவறான முடிவன்று என்று சொல்வதுண்டு. ஆனால் வாய்ப்புகளை அறிந்த பின் எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும்.

செல்லும்போது பழைய எக்ஸ்ரேக்கள் அனைத்தையும் கொண்டு செல்லுங்கள். கரிய வட்டம் சுருங்குகிறதா வளர்கிறதா என்பது இரு படங்களை ஒப்பிட்டால்தான் தெரியும். ஒரே படத்தை வைத்து முடிவு செய்தால் தானே ஆறிவரும் புண்ணையும் அறுக்க நேரலாம்.

உடன் உள்ள நோய்களைப் பற்றி மறைக்க வேண்டாம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதபோது புண் ஆறுவது தாமதமாகும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே சர்க்கரை மாத்திரை பெறுவோர் அந்தக் குறிப்பேட்டையும் அண்மைய மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனையின் முடிவையும் காட்டவும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அசிட்ரோம் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பல்லுக்காக மாத்திரையை நிறுத்தி, மாரடைப்போ பக்கவாதமோ வந்து சேர்வது கொடுமை. நிறுத்த வேண்டுமா, இரத்தப் பரிசோதனை போதுமா என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வர். செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன் ஒரு வேளை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தேவைப்படும். எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் அமிலம் போன்ற ஊசி போட்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு, அவசரம் இல்லையெனில், மகப்பேற்றுக்குப் பின் செய்வதே நல்லது.

வீடு திரும்பிய பின்

முதல் நாள் கன்னத்தின் வெளிப்புறம் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி விட்டுவிட்டு ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்தை அடைந்து பின்னர் வடியும். கன்னத்தில் நீலம் பாய்வதும் இயல்பே. வெந்நீர் ஒத்தடம் முதல் நாளில் கூடாது. உதட்டைப் பிரித்துத் தையலைப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். காட்டச் சொல்லி உறவினர் வற்புறுத்தினாலும் சரியே. தையல் விடுவதற்கு அதுவே முதற்காரணம். கஞ்சி, ரசம் கலந்த குழைந்த சோறு, இட்லி ஆகியவை சூடு ஆறியபின் போதும். மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்கவும். அறுத்த இடத்தில் மருத்துவர் தந்த குளோர்ஹெக்சிடின் நீரால் மெல்லக் கொப்பளித்தல் போதுமானது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தையல் பிரிக்கப்படும்.

பீடி, சிகரெட், புகையிலை, வெற்றிலைப் பாக்கு ஆகியவற்றை விட வேண்டும். வெற்றிலைக் கொடிக்கால் சூழ்ந்த ஊர்களில் இதைச் சொல்வது எளிதன்று என்பதை அறிவேன். குறைந்தது ஈறு ஆறும் வரையிலாவது வாயில் புகையிலையும் சுண்ணாம்பும் படக் கூடாது.

ஈறு இரு வாரங்களில் ஆறிவிடும். எலும்பு ஆற மாதங்கள் ஆகும். ஆறாம் மாதத்திலும் ஓராண்டு முடிவிலும் எக்ஸ்ரே எடுத்தால்தான் எலும்பு நிரம்புகிறதா என்று தெரியும். தறி வேலைக்கோ வண்டிக்கோ இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம். ஆனால் ஓராண்டுப் படத்துக்கு உரிய தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்பது குடும்பத்தினரின் வேலை. வலியில்லாத நோயாளிக்கு அது நினைவிருக்காது. அப்படத்தில் வட்டம் சுருங்காதிருந்தால் மருத்துவர் மேலும் சில காலம் காத்திருக்கச் சொல்வார். வளர்ந்திருந்தால் பல்லை எடுப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

அறுவைக்கு முன்னரோ பின்னரோ, தாடையின் கீழும் கழுத்திலும் வீக்கம் பரவுதல், வாயைத் திறக்க இயலாமை, எச்சில் விழுங்கச் சிரமம், நாக்கு மேலே தள்ளப்படுதல், கண் மூடும் அளவுக்கு முகம் வீங்குதல், குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். பல்லின் சீழ் கழுத்தின் ஆழத்தில் இறங்கி மூச்சுக்குழலை அடைத்துவிடலாம். பல் மருத்துவமனை திறக்கும் நேரத்தைப் பார்க்காமல் உடனே 108-ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும்.